தண்ணீர் குடிக்காத பத்தாவது ஷெட்

அன்புச்செல்வி உட்கார்ந்து வேலை செய்து நான் பார்த்ததில்லை. வெண்ணந்தூரில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் துணி தேய்க்கும் மேசை ஒன்று கிடக்கிறது. அதன் மேல்தான் லேப்டாப். நாலு வரி அடிப்பாள், வாசல் வரை போவாள், திரும்பி வந்து இரண்டு வரியை அழிப்பாள். மின்சாரம் போனால் பக்கத்து வீட்டு விசைத்தறி நின்றுவிடும். இவள் கால் நிற்காது.

அவளுடைய மாமனார் மாதேஸ்வரனுக்குப் பக்கவாதம் வந்தபின் அவரைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். நோயாளி பராமரிப்பில் பயிற்சி முடித்துப் பல வீடுகளில் வேலை பார்த்தவள் நான். அவரைப் புரட்டிப் படுக்க வைப்பதும் துடைப்பதும் சிரமமில்லை. தண்ணீர் குடிக்க வைப்பதுதான் சிரமம். டம்ளரைக் கண்டாலே, நன்றாக இருக்கும் இடது கையால் தள்ளிவிடுவார்.

அன்புச்செல்வி தறிக்காரர் மகள். திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படித்து, பெங்களூரில் வேலை பார்த்தவள். கணவன் அன்பரசு போர்வெல் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் கிடக்கிறான். மாமனார் விழுந்ததும் இவள்தான் ஊர் திரும்பினாள். கம்பெனி கொஞ்ச காலம் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டது, பிறகு கிளம்பி வா என்றது. போகவில்லை. நாமக்கல்லைச் சுற்றிக் கோழிப்பண்ணைகளுக்கா பஞ்சம்? அவற்றுக்கு மென்பொருள் எழுத ஆரம்பித்தாள். முதலில் நம்பி வந்தவர் பரமத்தி வேலூர் சாலையில் ஒன்பது ஷெட் வைத்திருக்கும் செங்கோடன்.

அவருக்கு அவள் செய்து கொடுத்தது இதுதான். ஒவ்வொரு ஷெட்டும் அன்று எத்தனை லிட்டர் தண்ணீர் குடித்தது என்று சூப்பர்வைசர் சாயங்காலம் போனில் பதிவார். அது ஒரு நெடுவரிசை. அந்த ஷெட்டில் உள்ள கோழிகளின் வயதுக்கும் வெயிலுக்கும் எவ்வளவு தேவை என்பது பக்கத்து நெடுவரிசை. தேவையைவிடக் குறைவாகக் குடித்த ஷெட்டுகளின் பெயர் காலையில் செங்கோடன் போனுக்கு வரும். கோழிக்கு உடம்பு சரியில்லை என்றாலும், குழாய் அடைத்தாலும் முதலில் தெரிவது தண்ணீரில்தான். இது எனக்கும் புரிகிற கணக்கு.

மழைக்காலம், பனிக்காலம் முழுக்க ஒரு பெயரும் வரவில்லை. செங்கோடனுக்குப் பரம சந்தோஷம்.

சித்திரை வெயில் ஏறிய ஒரு காலை, மாதேஸ்வரனுக்கு நான் இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது செங்கோடன் போன் வந்தது. அன்புச்செல்வி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மிணி, உங்க கணக்கு எல்லாம் நல்லாருக்குதுங்குது. இங்க நாலாவது ஷெட்டுல கோழி வாயப் பொளந்துட்டு நிக்குது. கொஞ்சம் செத்தும் போச்சுங்க."

"நேத்து தண்ணி எவ்வளவுன்னு போட்டாங்கண்ணா?"

"ஆயிரத்து எண்ணூறு. போடறதெல்லாம் ஒழுங்காத்தான் போட்டிருக்கறான். உங்குளுதுதான் வாயத் தொறக்க மாட்டேங்குது."

"மத்த ஷெட்டு?"

"அதை நீங்கதானுங்க சொல்லோணும்! ஆளுக அத்தன பேரும் நாலுலதான் நிக்கறாங்க. மத்தியானம் வெயில் வந்துச்சுன்னா எந்த ஷெட்டும் தாங்காது. எங்க பாக்கறதுன்னு சீக்கிரம் சொல்லுங்க."

போனை வைத்தவள் மேசைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். பட்டியலை மறுபடி வரவழைத்தாள். காலி. இன்னொரு முறை. காலி. நாலாவது ஷெட்கூட அதில் இல்லை.

"நின்னு பாரு சாமி. நடந்தா மட்டும் வந்துருமா?" என்றேன்.

"நின்னா எனக்கு ரோசனையே வராது பெரியம்மா."

டேட்டாபேஸிடம் அவள் நேராகப் பேசுவதில்லை. நடுவில் ஜாங்கோ என்று ஒன்று உண்டு. இவள் எழுதும் கேள்வியை அது டேட்டாபேஸுக்குப் புரியும் மொழியில் மாற்றிக் கொடுக்கும். நாளெல்லாம் இவள் அதைத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கே அது பழகிவிட்டது. அன்று திட்டவில்லை. திரையில் ஒரே ஒரு வரியைப் பார்த்தபடி நின்றாள். உண்மையிலேயே நின்றாள்.

"முதல் ஷெட்டோட தேவைய எடுத்துத் தனியா வெச்சிருக்கேன் பெரியம்மா. சரியா வருதான்னு பாக்க அன்னைக்கு அந்த ஒரு ஷெட்டத்தான் போட்டுப் பாத்தேன். அப்படியே விட்டுட்டேன். ஒன்பது ஷெட்டையும் அந்த ஒத்த நம்பரோட ஒப்பிட்டுட்டு இருக்குது."

"முதல் ஷெட்டுல அப்ப என்ன இருந்துச்சு?"

"குஞ்சு."

குஞ்சு ஷெட்டுக்கு ஆயிரம் லிட்டர் போதும். முட்டைக்கோழி ஷெட்டுக்கு இந்த வெயிலில் மூவாயிரம் வேண்டும். ஆயிரத்து எண்ணூறு குடித்த நாலாவது ஷெட், குஞ்சு கணக்கில் பாஸாகிவிட்டது. பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்கும் அளவை வைத்துக்கொண்டு வார்டு முழுவதும் நன்றாகச் சாப்பிடுகிறது என்று எழுதி வைத்த மாதிரி.

திருத்தம் சின்னதுதான். எடுத்து வைத்த அந்த எண்ணை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் எஃப் என்ற ஆங்கில எழுத்தை எழுதி, அடைப்புக்குள் தேவை நெடுவரிசையின் பெயரைப் போட்டாள். இனி ஒவ்வொரு ஷெட்டின் வரியிலும், அது குடித்ததை அதே வரியில் இருக்கும் அதன் தேவையோடு டேட்டாபேஸே ஒப்பிட்டுக்கொள்ளும். அடித்து முடித்ததும் திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. நாலு. ஏழு.

"அண்ணா, ஏழுக்கு ஆள் அனுப்புங்க."

"ஏழா? ரோட்டுக்கு அக்கட்ட இருக்கறதுங்களா? காலைல எட்டிப் பாத்தேனே, நல்லாத்தானுங்க இருந்துச்சு."

"வெயில் ஏறாத நேரத்துல எல்லாமே நல்லாத்தாண்ணா இருக்கும். என்ற மேல தப்பு. குஞ்சோட அளவ வெச்சு எல்லாத்தையும் பாத்துட்டேன். திட்டறத அப்பறம் திட்டிக்கலாம், இப்ப ஆள அனுப்புங்க."

அவர் திட்டவும் செய்தார், ஆளும் அனுப்பினார். போன் மறுபடி வரும்வரை அவள் கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்த நடையில், மாதேஸ்வரனே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் களைத்துப்போனார். போன் வந்தது. தொட்டியில் மருந்து கலக்கிய பையன் ஏழாவது ஷெட்டின் வால்வைப் பாதி திறந்ததோடு விட்டிருக்கிறான். திறந்துவிட்டார்களாம். கோழிகள் குழாயை மொய்க்கின்றனவாம். நாலில் தண்ணீர்க் குழாயின் ஃபில்டர் அடைத்திருக்கிறது. அங்கே செத்தவை செத்தவைதான். ஏழில் ஒன்றும் சாகவில்லை.

இத்தோடு உட்காருவாள் என்று நினைத்தேன். இல்லை. மறுநாள் காலைப் பட்டியல் காலியாக வந்ததும் மறுபடி நடக்க ஆரம்பித்தாள்.

"காலின்னா நல்லதுதானே, கண்ணு?"

"முன்னயும் காலியாத்தானே வந்துச்சு! எல்லாம் நல்லாருக்குதா, நான் கேட்டதே தப்பான்னு எப்படித் தெரியும்?"

எனக்கு அது தெரியும். முனகாமல் கிடக்கும் நோயாளியைத்தான் நான் அடிக்கடி எட்டிப் பார்ப்பேன். ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நடை இன்னும் கூடும். ஒவ்வொரு ஷெட்டாகத் தானே கணக்குப் போட்டு, பட்டியல் சரிதான் என்று கண்டாள். அடுத்த நாளும் போட்டாள். அதற்கடுத்த நாளும். சோறுகூட நின்றபடிதான்.

பிறகு ஒரு நாள் லேப்டாப்பில் எதையோ அடித்துவிட்டு, மாமனாரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். காரணம் மறுநாள் காலை செங்கோடன் போனில் தெரிந்தது.

"அம்மிணி, மாதேஸ்வரன் ஷெட்டு தேவைக்குத் தண்ணி குடிக்கலைன்னு வருதுங்க. அப்படி ஒரு ஷெட்டே எங்கிட்ட இல்லீங்களே?"

"இல்லாத ஷெட்டுதாண்ணா. முட்டைக்கோழியோட தேவையும், அன்னைக்கு நாலு குடிச்ச அதே ஆயிரத்து எண்ணூறும் போட்டு வேணும்னே வெச்சிருக்கேன். தினமும் அந்தப் பேரு வந்தா, நான் கேக்கற கேள்வி வேலை செய்யுதுன்னு அர்த்தம். என்னைக்கு அந்தப் பேரு வரலையோ, அன்னைக்கு உடனே கூப்பிடுங்க."

"அது யாருங்க மாதேஸ்வரன்?"

"எங்க மாமா. ஊட்டுலயே தண்ணி குடிக்காத ஆளு அவருதான்."

ஸ்பீக்கரில் செங்கோடன் சிரித்தது மாதேஸ்வரனுக்கும் கேட்டது. "எம் பேரையா?" என்று குழறலாகக் கேட்டுவிட்டு முறைத்தார்.

"ஆமாங்க மாமா. குடிச்சீங்கன்னா பேர எடுத்துடறேன்" என்றாள்.

நான் டம்ளரை நீட்டினேன். இடது கையால் தள்ளிவிட்டார். அந்தப் பெயர் இன்றைக்கும் காலையில் வந்தது. அது வந்த பிறகுதான் அன்புச்செல்வி காப்பி குடித்தாள், நின்றபடி.