நெற்றியில் ஒரு சிலுவை

கெலுகோர் அடுக்குமாடியில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் குள்ளமானவர். கழுத்தில் எப்போதும் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு தொங்கும். பத்து காவான் என்ற ஊரிலுள்ள தொழிற்சாலைக்குப் புறப்படும் அவருடைய நெடிய மகன் தினமும் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிக் குனிவான். இவர் குதிகாலை உயர்த்தி, கட்டைவிரலால் அவன் நெற்றியில் சிலுவை அடையாளம் போடுவார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் லிஃப்டில் கேட்டே விட்டேன். "எப்படிண்ணே, பையன் இவ்வளவு பக்தியா இருக்கான்?"

அவர் சிரித்தார். "பக்தியா? பூசைக்கு வந்தே ரெண்டு வருசமாச்சு லா. கூப்பிட்டா சண்டதான். ஆனா நெத்திய மட்டும் காட்டிருவான்."

கேட்டதும் என் பொறாமை அடங்கியிருக்க வேண்டும். இன்னும் கூடிவிட்டது. என் மகன் ஒரு ஞாயிறு பூசையையும் தவறவிட்டதில்லை. கோயிலில் நானும் அவனும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறோம். நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக உட்காரலாம்.