ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து மூன்று மணி நேரம்

நியூ ஜெர்சியில் எங்கள் சாப்பாட்டு மேஜையில், சாம்பார் காய்ந்த விரல்களை அகட்டி, ஃபோன் திரையில் ஃப்ராங்க்ஃபர்ட்டையும் லிஸ்பனையும் என் அண்ணன் அளந்து காட்டிய மதியத்தை இன்றும் வெறுப்போடுதான் நினைக்கிறேன். "ரெண்டாயிரம் கிலோமீட்டர்கூட இல்லடா. மூணு மணி நேர ஃப்ளைட். நீ டல்லாஸ் போறதைவிடக் கம்மி. ஃப்ராங்க்ஃபர்ட்ல நான் இருக்கேன், அப்புறம் என்ன பயம்?" என்றார். "அது போதும் மாமா," என்று என் மனைவி இன்னொரு அப்பளம் வைத்தாள்.

மகள் ஆறு மாதப் படிப்புக்காக லிஸ்பன் கிளம்பிக்கொண்டிருந்தாள். கல்லூரிப் படிவத்தில், அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்ற இடத்தில் அண்ணன் எண்ணை எழுதியது நான்தான். இங்கிருந்து பார்க்கையில் ஐரோப்பா முழுவதும் ஒரே தெரு போலத் தெரிகிறது. நம்மவர் ஒருவர் எங்கேயாவது இருந்துவிட்டால் எல்லா ஊரிலும் ஆள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

ஒரு சனிக்கிழமை காலை அவளுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. மருத்துவமனை அண்ணனைத்தான் அழைத்தது. அவளிடமும் பேசியிருக்கிறார்: "நான் கிளம்பிட்டேன்மா. அப்பாவுக்குச் சொல்லாத, பதறிப்போயிடுவான்." அன்று அவர் வாங்கிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். வந்தவர்கள் சாப்பிட்டு, தாம்பூலப் பை வாங்கிப் போன பிறகு, அங்கே சாயங்காலமாகும்போதுதான் என்னைக் கூப்பிட்டார்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுடுச்சு. அங்கெல்லாம் நல்லா பாத்துப்பாங்கடா. எதுக்கு இப்படிக் கத்தற?"

"நீங்க போகலையா?"

"வீடு நிறைய ஆளை வெச்சுக்கிட்டு எப்படிடா போறது?"

பள்ளி நாட்களிலும் அப்படித்தான். விடுமுறைக்கு நான் ஊர் திரும்பும்போது ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்பார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் நடந்தே வீடு சேர்வேன். பெட்டி தூக்கும் கஷ்டத்தோடு போயிற்று என்பதால் அப்போது சிரித்துவிட்டேன்.

அன்று மாலையே நானும் மனைவியும் நெவார்க்கில் விமானம் ஏறினோம். கடலைத் தாண்டி ஏழு மணி நேரம். மறுநாள் காலை நாங்கள் அறைக்குள் நுழைந்தபோதும் அவர் வந்திருக்கவில்லை. உதடு வெடித்துக் கிடந்த மகள் எங்களைப் பார்த்துவிட்டு, எங்களுக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள். "பெரியப்பா? ஹி செட் ஹி வாஸ் ஆன் த வே." மயக்க மருந்து ஏறும்வரை அவருக்காகக் காத்திருந்தாளாம்.

அந்த முகத்திடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "ஃப்ளைட் கிடைக்கலம்மா" என்றேன்.

போன வாரம் இங்கே ஐசலினில் ஓர் ஓட்டலில் தோசை சாப்பிடும்போது, எங்களோடு வந்த ஆன்ட்டி ஒருவரிடம் மகள் அந்தக் கதையைச் சொன்னாள். "புவர் பெரியப்பா, ஹி டிரைட் ஸோ ஹார்ட்," என்றாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமை ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து லிஸ்பனுக்குக் காலையில் விமானம் இருந்தது, மதியமும் இருந்தது, மாலையிலும் இருந்தது. எல்லாவற்றையும் தேடிப் பார்த்து வைத்திருக்கிறேன்.