சவுதிக்கு அனுப்பிய இன்ஜின் சத்தம்

நேற்று டீக்கடை வாசலில் ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது. வெந்த ஆயில் வாடை, அடிவயிற்றிலிருந்து ‘டொக் டொக்’கென்று ஒரு சத்தம். டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய் டிரைவரிடம், “தம்பி, பேரிங் பாருங்க, ஓட்டாதீங்க” என்றேன். பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். பாட்டைக் கூட்டினால் இன்ஜின் சத்தம் கேட்காது, பாருங்கள்! அந்த வைத்தியத்தை நாங்களும் பண்ணியிருக்கிறோம்.

நாங்கள் என்றால் நானும் ஜமால் நானாவும். நானா என்றால் அவர்கள் வழக்கில் அண்ணன். காலேஜ் முடித்துவிட்டு எங்கள் ஊர் நெரவியில் வெட்டியாய்ச் சுற்றிக்கொண்டிருந்த என்னை மீன் வண்டியில் கூட்டுச் சேர்த்துக்கொண்டவர். அரபு நாட்டுக்குப் பிழைக்கப் போவதை அவர் வீட்டில் சபர் என்பார்கள். அவர் சபரில் இருந்தபோதுதான் மகள் நஸ்ரின் பிறந்தாள். முதல் பல், முதல் நடை எல்லாம் போனில்தான். போதும்டா சாமி என்று திரும்பி வந்து, மூன்று கை மாறிய ஒரு பிக்கப்பை வாங்கினார். “இது ஓடுற வரைக்கும் ஊர்ல இருப்பேன் தம்பி. நின்னா மறுபடி பிளேன்தான்” என்பார். நான் சிரிப்பேன். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

விடியற்காலையில் பட்டினச்சேரியில் மீன் ஏற்றி, கும்பகோணத்தில் இறக்கவேண்டும். அந்த வாடை இருக்கிறதே, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. பெண் பார்க்கப் போன வீட்டில், பெண் வருவதற்கு முன்னால் பூனை வந்து என் காலைச் சுற்றியது. அந்தச் சம்பந்தம் அமையவில்லை என்று தனியாகச் சொல்லவேண்டுமா!

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த டொக் டொக் ஆரம்பித்தது. ஆளுக்கொன்று சொன்னார்கள். பெல்ட் என்றார் ஒருவர், டீசலில் தண்ணீர் என்றார் இன்னொருவர். மெக்கானிக் முருகையன் மட்டும் பானெட்டைத் திறந்தார். ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு டீசல் பைப்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தார். மூன்றாவதைத் தளர்த்தியதும் சத்தம் அடங்கியது.

“மூணாவது ராடு பேரிங் போச்சு. இன்ஜினைப் பிரிக்கணும், பத்து நாளாவும். இனிமே ஒரு கிலோமீட்டர் ஓட்டாதீங்க.”

பத்து நாளா! அதற்குள் கும்பகோணத்து யாவாரி வேறு வண்டி பார்த்துவிடுவார். அதோடு எங்கள் ஊரில் ஒரு கோணல் புத்தி உண்டு. கெட்டிக்காரனெல்லாம் கடல் தாண்டிப் போய்விட்டான், இங்கேயே கிடப்பவனுக்கு என்ன தெரியும் என்று. வீட்டு மோட்டார் ஓடவில்லை என்றால்கூட, பக்கத்துத் தெருக்காரரை விட்டுவிட்டு துபாய்க்குப் போன் போடுவோம். சவுதியில் பெரிய ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தார் என் பெரியப்பா மகன் செல்வம் அண்ணன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றேன்.

ஜமால் நானா இழுத்தார். “முருகையன் தொட்டுப் பாத்துச் சொல்றாருடா.”

நான் விட்டால்தானே! பானெட்டுக்குள் போனை நீட்டி, சத்தத்தைப் பதிவு பண்ணி, முருகையன் சொன்னதையும் சேர்த்து அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது. “அட போடா, மேல வால்வுல வர்ற டேப்பட் சத்தம்டா இது. அரை மணி நேர வேல. அவரு ஒங்கள பயமுறுத்துறாரு.”

எவ்வளவு சந்தோஷம் எனக்கு! போன் அந்த ஆழமான டொக் டொக்கை இரைச்சல் என்று வடிகட்டிவிட்டு, மேலாகக் கேட்ட டிக்டிக்கை மட்டும் அனுப்பியிருக்கிறது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அண்ணனைச் சொல்லிக் குற்றமில்லை. வேறொருவரை வைத்து டேப்பட்டைச் சரிபண்ணினோம். சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. குறையாத நாட்களில் பாட்டைக் கூட்டி வைத்தோம்.

ஒரு சனிக்கிழமை. திருநள்ளாற்றில் கூட்டம் நெரிந்தது. முதல் கியரிலேயே ஒரு மணி நேரம் ஊர்ந்தோம். ஊர் தாண்டியதும், போன நேரத்தைப் பிடிக்க ஜமால் நானா அழுத்தி மிதித்தார். அம்பகரத்தூருக்கு முன்னால் டமார் என்று ஒரு வெடி. இறங்கிப் பார்த்தால், ராடு இன்ஜினைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்கிறது. ரோடெல்லாம் கறுப்பு ஆயில். பின்னால் ஐஸ் உருகி ஒழுகுகிறது. வருகிற வண்டிக்கெல்லாம் கையைக் காட்டினோம், யாரும் நிற்கவில்லை. நின்ற ஒரே காரில் இருந்தவர், “எள்ளு விளக்குப் போட்டீங்களா?” என்று கேட்டார்.

“அவரு வாசலத் தாண்டித்தான் தெனம் போறோம்” என்றார் ஜமால் நானா.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். மத்தியானம் போனில் நஸ்ரின், சாப்பிட வருவீங்களா வாப்பா என்று கேட்டாள். வந்துடுறேன்மா என்று சொல்லிவிட்டு, அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெயிலில் சும்மா நின்றேன்.

வண்டி பழைய இரும்புக்குப் போனது. இரண்டே மாதத்தில் அவரும் மறுபடி பிளேன் ஏறிவிட்டார். இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறார்.

போன லீவில் அவர் வந்திருந்தபோது வீட்டுக்குப் போயிருந்தேன். நஸ்ரின் பிளஸ் டூ படிக்கிறாள். டீ கொண்டுவந்தவள், “ஒங்களுக்கு எத்தன ஸ்பூன் சீனி வாப்பா?” என்று மரியாதையாகக் கேட்டாள். “ரெண்டு போடும்மா” என்றார். முழுவதையும் குடித்தார்.

பள்ளிக்கூட லீவில் எங்களோடு வந்து, மீன் வண்டி ஜன்னலில் தலையை நீட்டி, “எங்க வாப்பாவுக்கு சீனி போடாதீங்க!” என்று டீக்கடைக்காரரிடம் கத்திய பிள்ளை அது.