காலித் தோம்பின் எடை

ஆயர் ஈத்தாமில் வீட்டுக்கும் கடைக்கும் எரிவாயு சிலிண்டர்களை, அந்த ஊர்ப் பேச்சில் தோம்புகளை, கொண்டுபோய்ப் போடுகிறவள் ரமணி. வயது நாற்பத்தெட்டு. கணவர் இறந்த மறுமாதமே அவருடைய லோரியை ஓட்டக் கற்றுக்கொண்டாள். பதினாறு வருடமாக அதே வேலைதான். அடுக்குமாடிப் படிகளில் அவள் தோம்பு தூக்கி வருவதைப் பார்த்து எல்லாரும் 'ஐயோ பாவம்' என்பார்கள். கைகொடுக்க மட்டும் யாரும் இறங்கி வரமாட்டார்கள்.

அவள் தொழிலுக்கு மூலதனமே நல்ல பெயர்தான். அதற்கு வேட்டு வைத்தார் சுலைமான். சந்தைக்குப் பக்கத்தில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர், ஆனால் மனதில் பட்டதை ஊரைக் கூட்டிச் சொல்லிவிடுவார். மூன்று நாள் வரவேண்டிய தோம்பு இரண்டே நாளில் தீர்கிறது, ரமணி வழியில் திருடுகிறாள் என்று பக்கத்து மூன்று கடைகளில் சொல்லிவிட்டார். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? இரண்டு கடைகள் வேறு ஆளைக் கூப்பிட்டன. ரமணி லோரிக்குள் உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்தபோது ஒன்று உறைத்தது. சுலைமான் கடைக் காலித் தோம்புகள் மட்டும் கொஞ்ச நாளாகக் கனக்கின்றன. இடுப்புக் கோளாறு என்று அவள் நினைத்திருந்தாள். மறுநாள் காலை ஒரு தராசோடு அவர் கடையில் போய் நின்றாள்.

மூன்று பெரிய அடுப்பும் ஒரே தோம்பில் எரிந்துகொண்டிருந்தன. தீ மெல்ல இறங்கியது.

"பாத்தியா தங்கச்சி, முடிஞ்சிருச்சு" என்று சுலைமான் தோம்பைக் கழற்றினார். அதன் அடியில் அரைச் சாண் உயரத்துக்கு வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. ரமணி அதைத் தராசில் வைத்தாள். பத்தொன்பது கிலோ.

"வெறுந் தோம்பு பதினஞ்சுன்னு கழுத்துலயே அடிச்சிருக்கு. மிச்ச நாலு கிலோவ நான் ஊத்துனேனாண்ணே?"

"அப்புறம் ஏன்லா எரியல?"

"உள்ள கேஸ் தண்ணியாத்தான் கெடக்கும். ஆவியானாத்தான் எரியும். ஆவியாக சூடு வேணும், அத தோம்புகிட்டருந்தே உறிஞ்சிக்கும். மூணு அடுப்பும் சேந்து இழுத்தா தோம்பு குளுந்துபோயி ஆவி வராது. எரிஞ்சது போக மிச்சம் எங்கயும் ஓடிப்போகல, பனி நிக்கற ஒசரத்துக்கு உள்ளயே இருக்கு. ரெண்டு தோம்ப சேத்து மாட்டுங்க, இழுப்பு பாதியாயிரும்."

சுலைமானுக்கு நம்பிக்கை வரவில்லை. அரைமணி நேரம் கழித்து அதே தோம்பைச் சின்ன அடுப்பில் மாட்டிப் பற்றவைத்தார். தீ நீலமாக நின்று எரிந்தது. அவர் முகம் தொங்கிப்போனது.

"மன்னிச்சிரு தங்கச்சி."

"எங்கிட்ட எதுக்குண்ணே? மூணு கடையில சொன்னீங்க. அங்க போயி சொல்லுங்க."

சாப்பாட்டுக்கு ஆட்கள் வரிசை கட்டத் தொடங்கியிருந்தார்கள். சுலைமான் அடுப்பை அணைத்தார். தோம்பைத் தோளில் ஏற்றி, தராசைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் கடைக்குள் நுழைந்தார்.

"ரமணி திருடல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றார். "இந்தா, நீயே நிறுத்துப் பாரு."