ஒரே சகனில் இரண்டு வயிறு

என் ஓரகத்தி மெலிந்தவள். அந்த ஒரு காரணத்துக்காகவே அவளை எனக்குப் பிடிக்காமல் போன வருடங்கள் உண்டு. வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவள் என் கொழுந்தனாரின் மனைவி. என்னைவிட இரண்டு வயது இளையவள். அண்ணன் தம்பி இருவருக்கும் மலாக்கா டவுனில் ஒரே மளிகைக் கடை, காஜா பெராங்கில் ஒரே வீடு, ஒரே அடுப்பு. பிள்ளைகள் கல்யாணமாகி சிங்கப்பூர், பினாங்கு என்று போய்விட்டார்கள். ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே சகனில் உட்காருவோம். சகன் என்றால் இரண்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற அகலமான தட்டு. அவள் மருமகளாக வந்த அன்றே மாமியார் எங்கள் இருவரையும் ஒரு சகனில் உட்காரவைத்து, "ஒண்ணா கை போடுறவங்களுக்குள்ள பிரிவினை வராது" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் அப்படித்தான் சாப்பிட்டோம். மூத்தவள் கை வைத்த பிறகுதான் இளையவள் கை வைக்க வேண்டும். மூத்தவள் கை கழுவ எழுந்தால் இளையவளும் எழுந்துவிட வேண்டும். அது எங்கள் வீட்டு மரியாதை.

ஒரே அரிசி, ஒரே நெய், ஒரே தேங்காய்ப்பால். ஆனால் நான் மட்டும் ஊதிக்கொண்டே போனேன். அவள் கல்யாணத்துக்குத் தைத்த சட்டையை ஐம்பது வயதிலும் போட்டுக்கொண்டு என் கண்முன்னே நடமாடினாள். எதிர்வீட்டில் ஒரு மலாக்காச் செட்டிப் பெண்மணி இருந்தாள். கெபாயா சட்டையும் சாரோங்குமாக வாசலில் நிற்பாள், பேச்செல்லாம் மலாய்தான். என் ஓரகத்தியைப் பார்த்தால், "சாந்தேக் லா!" என்பாள். அழகாயிருக்கிறாளாம். பிறகு என் பக்கம் திரும்பி, "சிஹாட் லா" என்பாள். நான் ஆரோக்கியமாயிருக்கிறேனாம். அந்த ஆரோக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் வயிறு பற்றி எரியும். எரிகிற வயிற்றுக்கு இரண்டு குவே பலகாரம் எடுத்துப் போடுவேன், குலா மலாக்கா வெல்லப்பாகு ஒழுக ஒழுக.

இந்த நிலையில்தான் ஹஜ்ஜுப் பேச்சு வந்தது. கடையை விட்டுவிட்டு அண்ணன் தம்பி இருவரும் ஒரே வருடத்தில் போக முடியாது. மூத்தவரும் நானும் முதலில், அடுத்த வருடம் அவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் என் வீட்டுக்காரர் என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாசாருக்குப் போறதுக்குள்ள மூணு இடத்துல உக்கார்ற. அங்க கஅபாவ ஏழு சுத்து சுத்தணும், அப்புறம் ஏழு தடவ மலைக்கு மலை நடக்கணும். உன்ன யாரு தூக்குறது? இந்த வருஷம் தம்பியும் அவன் பொண்டாட்டியும் போகட்டும்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் போகவேண்டிய ஹஜ் கப்பலில் அவள் போவதா? அழகும் அவளுக்கு, ஹாஜியம்மா என்ற பேரும் எனக்கு முன்னால் அவளுக்கா? "என்னால நடக்க முடியும் மச்சான்" என்றேன்.

"சரி. நோன்பு பிறக்கிறதுக்குள்ள, உக்காராம தெங்கேரா கடற்கரைக்குப் போயி, உக்காராம திரும்பி வந்து காட்டு. அப்ப நாம போவோம்."

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காகக் கடை சாத்தியிருந்த நேரத்தில், அரிசி மூட்டை நிறுக்கிற பெரிய தராசில் என்னை ஏற்றினார். கட்டி என்றால் ஏறக்குறைய அறுநூறு கிராம், நூறு கட்டி ஒரு பிக்குள். நான் ஒரு பிக்குளும் முப்பத்தைந்து கட்டியும் இருந்தேன். "மூட்டைய விட நீ பரவாயில்ல" என்றார். பெரிய தமாஷ்!

முதலில் எனக்குத் தோன்றியது, ஓரகத்தி ஏதோ மருந்து வைத்திருக்கிறாள் என்றுதான். ஒரே சகனில் சாப்பிட்டு ஒருத்தி மட்டும் எப்படி இளைப்பாள்? பத்து பெரெண்டாமில் போமோ என்கிற மலாய் மந்திரவாதி ஒருவரிடம் மந்திரித்த தண்ணீர் வாங்கிக் குடிக்கிறாள் என்று நானே ஊகித்து, நானே நம்பி, கீரை விற்க வருகிற செங் கிராமத்துக்காரியிலிருந்து எதிர்வீடு வரைக்கும் சொல்லிவைத்தேன். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அடுப்படியைக் குடைந்தேன். அரிசிப் பானைக்குப் பின்னால், துணி போட்டு மூடி, ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. மூன்று பழம் குறைந்திருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று மனம் துள்ளியது. இதுதான் அவள் மருந்து! அன்றிலிருந்து இரண்டு வேளையும் சோற்றுக்கு முன்னால் நாலு பழம், அதற்கு மேல் வழக்கமான சோறு. மாதக் கடைசியில் தராசில் ஏறினால் மூன்று கட்டி கூடியிருந்தது.

பிறகு வீம்பு பிடித்துப் பட்டினி கிடந்தேன். காலையில் வெந்நீரில் காடி ஊற்றிக் குடிப்பது, ராத்திரி ஒரு கைப்பிடி சோறு, நடுவில் ஒன்றுமில்லை. நாலாம் நாள் கிணற்றடியில் கண் இருட்டி விழுந்தேன். என்னைத் தூக்கி உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தவள் அவள்தான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மெல்லிய கைகளில் எவ்வளவு பலம் என்று அப்போதும் பொறாமைதான் பட்டேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். வெள்ளைக்கார டாக்டர் பேச, காயத்துக்குக் கட்டுப்போடுகிற தமிழ் டிரஸர் ஒருவர் எனக்குச் சொன்னார்.

"பட்டினி கிடக்கக் கூடாதும்மா. இந்த வயசுல சட்டுனு இளைச்சா ஒடம்புல உள்ள பலமும் சேந்து போயிரும். மெல்லமாத்தான் கொறையணும். ஒரு வேளைக்கு எவ்வளவு சோறு சாப்பிடுறீங்க?"

எவ்வளவு? "சகன்ல சாப்பிடுறோம், ரெண்டு பேரும் சேந்து. யாரு எவ்வளவுன்னு எப்படித் தெரியும்?"

அவர் அதை மொழிபெயர்த்ததும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில் அவர்கள் சொன்னது இவ்வளவுதான்: தனித் தட்டு வைத்துக்கொள். ஒரு கோப்பை சோறு, அதைவிட அதிகமாகக் கீரையும் காயும், ஒரு துண்டு மீன். நெய்யும் தேங்காய்ப்பாலும் தினம் வேண்டாம், பலகாரம் பெருநாளைக்குப் போதும். மெதுவாகச் சாப்பிடு. காலையில் முடிந்தவரை நட, வாராவாரம் கொஞ்சம் கூட்டு. வலித்தால் அன்றைக்குக் குறைத்துக்கொள்.

கேட்க எளிது. ஆனால் எங்கள் வீட்டில் தனித் தட்டு என்றால் சண்டை என்று அர்த்தம். மறுநாள் மதியம் நான் ஒரு பீங்கான் தட்டில் ஒரு கோப்பை சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நான் என்ன தப்பு பண்ணேன் லாத்தா?" என்றாள். அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"நீ ஒண்ணும் பண்ணல. டாக்டர் சொல்லிட்டாரு" என்றேன். குரலில் கொஞ்சம் இனிப்பு சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. நான் இல்லாத சகன் முன்னால் அவள் தனியாக உட்கார்ந்திருந்தது, உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ராத்திரிக்குள் சேதி கடைவரை போய், வீடு இரண்டாகப் போகிறதோ என்று அண்ணன் தம்பி இருவரும் முழித்தார்கள். டாக்டர் சீட்டைக் காட்டித்தான் அடக்கினேன்.

விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன். முதல் வாரம் தெரு முனை வரைதான். கோழிகள்கூட என்னை முந்திக்கொண்டு போயின. என் வீட்டுக்காரர் கைத்தடியைச் சுழற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார். மூன்றாவது வாரம் அடுத்த தெரு. ஒரு மாதம் கழித்து உட்காராமல் பாசார் வரை போனேன். ஒரு கோப்பைச் சோற்றை மென்று மென்று சாப்பிடப் பழகியபோதுதான், இத்தனை வருடம் நான் சோற்றை விழுங்கியிருக்கிறேனே தவிர மென்றதில்லை என்று தெரிந்தது. சில நாள் பசியில் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவேன். கங்குங் கீரையைத் திட்டிக்கொண்டே தின்றேன். ஆனாலும் தராசு மாதத்துக்கு மூன்று கட்டி, இரண்டு கட்டி என்று மெல்ல இறங்கியது. முழங்கால் என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது.

இதில் ஒரு கூத்து நடந்தது. நான் இளைக்க இளைக்க அவள் தேறினாள். கன்னம் நிறைந்தது, கழுத்தெலும்பு மறைந்தது, கை வளையல் இறுகியது. எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். அவளோ என் ஓரகத்தியைப் பார்த்து, முன்னைவிட உரக்க, "சாந்தேக் லா!" என்றாள். மெலிந்திருந்தபோதும் அவள்தான் அழகு, பூசினாற்போல் ஆனபோதும் அவள்தான் அழகு. நான் என்னதான் செய்வது?

அந்த எரிச்சலில் மறுபடி அடுப்படியைக் குடைந்தேன். அரிசிப் பானைக்குப் பின்னால் வாழைப்பழம் ஒரு முழுச் சீப்பாக இருந்தது. தொடவே இல்லை. கறுத்து, அழுகி, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு இப்போது பழம் வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் இப்போது நான் மென்று முடித்து எழுவதற்குள் அவள் வயிறு நிறைகிறது. முப்பது வருடமாக நான் அவசர அவசரமாக அள்ளிப்போட்டுவிட்டு எழுந்திருக்கிறேன். நான் எழுந்ததும், பாதிப் பசியில், மரியாதைக்காக அவளும் எழுந்திருக்கிறாள். மூத்தவள் எழுந்த பிறகு சாப்பிட்டால் பேராசைக்காரி என்பார்கள். ஒளித்துவைத்த பழம்தான் அவளுக்கு மீதிச் சாப்பாடு. நான் எதைப் பார்த்து வயிறெரிந்தேனோ அது அவளுடைய பசி.

நோன்புக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது தெங்கேராவுக்கு நடந்தேன். கடல் தெரிந்ததும் உட்காரச் சொல்லிக் கால் கெஞ்சியது. உட்காரவில்லை. தண்ணீரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினேன். வாசற்படியேறியதும் என் வீட்டுக்காரர், "தம்பி, நீங்க அடுத்த வருஷம்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். கொழுந்தனார் சரியென்றார். அவள் கைவேலையை விடாமல் தலையை ஆட்டினாள். அவள் ஹஜ்ஜுக்கென்று புதிதாகத் தைத்துவைத்திருந்த வெள்ளைத் துணிகளை அன்று மாலையே பெட்டியில் திரும்ப வைப்பதைப் பார்த்தேன்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவர வேண்டும். மனிதர்கள் பொறுக்காததை அல்லாஹ்விடம் கொண்டுபோய் என்ன செய்வது? காஜா பெராங் முழுக்க வீடு வீடாகப் போனேன். எதிர்வீட்டுக்காரி கட்டிப்பிடித்து அழுதாள். கீரைக்காரி ஒரு கட்டு கீரை சும்மா கொடுத்தாள். எல்லாம் சுலபமாக முடிந்தது. அவளிடம் மட்டும் கேட்காமல் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டேன்.

அன்று என் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"தங்கச்சி, நீ போமோ தண்ணி குடிக்கிறேன்னு ஊர் பூரா சொன்னது நான்தான்."

"தெரியும் லாத்தா. அன்னிக்கே பொறுத்துட்டேன்" என்று சிரித்தாள்.

"நீ போகவேண்டிய கப்பல்ல நான் போறேன்."

"மூத்தவங்க மொதல்ல போறதுதானே மொற. அதுவும் பொறுத்தாச்சு."

"முப்பது வருஷமா உன் சோத்தையும் சேத்து நானே தின்னிருக்கேன். நீ பசியோட எந்திரிச்சது எனக்குத் தெரியவே இல்ல. அதையும் பொறுத்துக்க."

அவள் கை நின்றது. சிரிப்பும் போய்விட்டது. மடித்த துணியைப் பிரித்து, மறுபடி விளிம்போடு விளிம்பு வைத்து மடித்தாள்.

"அதுக்குக் கொஞ்ச நாளாகும் லாத்தா" என்றாள். "நீங்க நல்லபடியாப் போய்ட்டு வாங்க."

சரி என்றேன்.