இடைவேளை இல்லாத படம்

சும்மா படம் காட்டுகிறேன் வா என்று யாராவது கூப்பிட்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கூப்பிட்டது பெற்ற மகளாக இருந்தாலும் அப்படித்தான்.

சிரம்பான் டவுனில் ஓர் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்தச் சின்ன தியேட்டர். நாற்பது நாற்காலி இருந்தால் அதிகம். பாட்டு, சண்டை, பெரிய நடிகர் எதுவும் இல்லாத படங்களை மட்டும் போடுகிற இடம். மகள் சனிக்கிழமை தவறாமல் அங்கே போவாள். அப்படி என்னதான் இருக்கிறது, யாரோடு சேர்க்கை என்று இரண்டு வருடம் துருவித் துருவிக் கேட்டேன். கடைசியில் அவளே ஒரு படம் எடுத்தாள். அதில் நான்தான் ஆள். நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் இருந்த இடத்தில் இப்போது செம்பனை மரங்கள் நிற்கின்றன. அதற்குள் நான் நடப்பதை ஒரு நாள் முழுக்கப் பிடித்தாள்.

திரையிடும் அன்று மத்தியானம், தியேட்டர் வாசலில் ஒரு படிவத்தை நீட்டினாள்.

"அம்மா, இந்த போராங்ல ஒரு சைன் போடுங்க. நீங்க சம்மதிச்சாதான் படத்த போடுவாங்களாம். நான் மறந்தே போயிட்டேன்லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படமும் கையெழுத்தும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் தோட்ட நிர்வாகம் மாதம் ஒரு முறை திடலில் வெள்ளைத் துணி கட்டி இலவசமாகப் படம் காட்டும். ஒரு முறை இடைவேளையில் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி மேசை போட்டு உட்கார்ந்தார்.

"புது வீடு வரப்போகுது. எல்லாரும் கைநாட்டு வெச்சாதான் மிச்சப் படம் ஓடும்."

கதாநாயகி கிணற்றில் விழப்போகும் நேரம். அவளுக்கு என்ன ஆகுமோ என்ற தவிப்பில் வரிசை நீண்டது. அப்பாவும் ஓடிப்போய்க் கட்டைவிரலை அழுத்திவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து மீதிப் படத்தைச் சிரித்துச் சிரித்துப் பார்த்தார். மூன்றே மாதத்தில் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். நாங்களாகவே விலகுகிறோம் என்று கைநாட்டு வைத்த அந்தத் தாளில் இருந்ததாம். அதற்குப் பிறகு சாகும்வரை அப்பா ஒரு படமும் பார்க்கவில்லை.

"மொதல்ல படத்த காட்டு. அப்புறம் பாக்கலாம் சைன" என்றேன்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே போய்க் கெஞ்சிப் பேசிவிட்டு வந்தாள். ஆட்கள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எனக்கு மட்டும் போட்டுக் காட்டினார்கள்.

கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு கதவைப் பார்த்தபடியே இருந்தேன். யார் மேசையைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறார்களோ?

"எப்ப இடைவேளை?"

"இங்க இடைவேளையே கிடையாதும்மா."

திரையில் நான் எங்கள் வீட்டு வாசல் இருந்த இடத்தில் நின்று, பழைய படிக்கட்டைக் காலால் தேடிக்கொண்டிருந்தேன். வேறெதுவும் நடக்கவில்லை. பெரிய தியேட்டர் படமாக இருந்தால் அதற்குள் பாட்டு வந்திருக்கும். இந்தப் படம் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அழுதுவிட்டேன்.

விளக்கு எரிந்ததும், "அந்த போராங்க படிச்சுக் காட்டு" என்றேன்.

"ஒரு பக்கம்தான்மா, சும்மா..."

"அன்னைக்கும் ஒரு பக்கம்தான்."

மலாய் மொழியில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னாள். ஆட்கள் வந்து உட்காரத் தொடங்கியும் அவள் நிறுத்தவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. முழுவதும் கேட்டபின் பேனாவை வாங்கினேன். என் பெயரைச் சுலபமாக எழுதிவிட்டேன். அதற்குப் பின்னால் இன்னாரின் மகள் என்று அப்பா பெயரை மட்டும் ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்தி எழுதினேன்.