மணக்காத சாப்பாட்டுக் கடை

உத்தியோக காலம் முழுவதும் நான் கட்டியது கலுங்குகள். சாலைக்கு அடியில் தண்ணீர் போக வழி செய்வதுதான் என் வேலை. தண்ணீரும் போயிற்று, எந்தக் கலுங்கும் மேலிடத்தில் என்னைப் பற்றிப் புகார் சொன்னதில்லை. அந்தத் தைரியத்தில், ஓய்வு பெற்றதும், வார்டு வேலைகளுக்குச் சம்பளமில்லாமல் படம் வரைந்து கொடுக்கும் இன்ஜினியர்கள் குழுவில் பெயர் கொடுத்தேன். தொண்ணூறுகளின் கடைசி. வார்டுக்கு வார்டு கூட்டம் போட்டு எதையாவது திட்டமிட்டுக்கொண்டிருந்த காலம். கரமனை வீட்டில் என் மனைவியும், பகலெல்லாம் என்னை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று திட்டமிட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் வேலை கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு கட்டடத்தில். கீழ்த்தளத்தில் குடோனாகக் கிடந்த இடத்தை ஐந்து பெண்கள் சேர்ந்து சாப்பாட்டுக் கடையாக்க நினைத்தார்கள். அவர்களுக்குத் தலைவி நாகர்கோவில் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஓர் அக்கா. ஒரு பெரிய வீட்டில் பார்த்துவந்த சமையல் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருந்தார். வார்டு கமிட்டி இரண்டு நிபந்தனை வைத்தது. மாடியில் உள்ள ஆபீசுக்குப் புகையோ மணமோ போகக்கூடாது. ஓணத்துக்குள் ஆள் கூடாவிட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

முதல் நிபந்தனை எனக்கு அல்வா மாதிரி. மீன் பொரிக்கப் போகிறார்கள் என்றதும், அக்ரகாரத்தில் வளர்ந்த என் மூக்கும் தன் பங்குக்கு ஒரு மனு கொடுத்திருந்தது. அடுப்புகளுக்கு மேலே தகரக் கூண்டு, அதில் ஒரு ராட்சச எக்ஸாஸ்ட் ஃபேன், அங்கிருந்து பின்சுவரோடு ஏறி மொட்டைமாடியையும் தாண்டும் குழாய். திறப்பு நாளில் ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பருகே பிடித்துக் காட்டினேன். புகை அலறியடித்துக்கொண்டு ஓடியது. பெண்கள் கைதட்டினார்கள். எனக்குத் தரை தெரியவில்லை.

ஆனால் ஆள் வரவில்லை. வாசலுக்கு நேரே பஸ் ஸ்டாப். அத்தனை கூட்டமும் எங்களைக் கடந்து பக்கத்து டீக்கடைக்குப் போயிற்று. போர்டைப் பெரிதாக்கி, வாசல்படியை அகலமாக்கி ஒரு புதுப் படம் வரைந்து கொண்டுபோனேன். அக்கா அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. என்னை ரோட்டோரத்துக்கு அழைத்து வந்து நிறுத்தினார்.

"சாரே, மூக்க நல்லா இழுத்துப் பாத்துச் சொல்லுங்க. என்ன மணக்குது?"

"டீசல்."

"பெறவு?"

"டீக்கடைப் பருப்பு வடை."

"நம்ம கடையில இப்ப நெய்மீன் பொரியுது. உள்ளித் தாளிப்பு வேற. கிட்டுதா?"

கிட்டவில்லை.

"பொகையப் போக்கச் சொன்னா, மணத்தயும் சேத்துக் கட்டி ஆகாசத்துக்கு அனுப்பி வச்சிட்டீயளே! நம்ம கடையில இன்னிக்கு என்ன ஸ்பெஷல்னு மேல பறக்க காக்காய்க்குத்தான் தெரியும். பஸ்ஸுக்கு ஓடுகவன் நின்னு போர்டு வாசிப்பானா?"

சிரித்துவிட்டுத்தான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஓணம் வந்தாச்சு சாரே. நான் விட்ட வீட்டுல வேற ஆளு வச்சிட்டாவ. திரும்பிப் போவ எடமில்ல" என்றார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மனைவி ஆறுதல் சொன்னாள்: "ஏன்னா, சாப்பாட்டுக் கடையை இவ்வளவு நன்னா ஒளிச்சு வைக்க வேற யாரால முடியும், சொல்லுங்கோ!"

அன்று உட்கார்ந்து யோசித்தேன். விறகடுப்பில் சோறு வேகும் புகை பழைய குழாயிலேயே மேலே போகட்டும். பொரிக்கிற, தாளிக்கிற கேஸ் அடுப்புக்கு மட்டும் தனிக் குழாய். முன்சுவரைத் துளைத்து, சன்ஷேடுக்கு அடியில் நீட்டி, அதன் வாயைப் பஸ் ஸ்டாப் பக்கம் திருப்பினேன். மாடி ஜன்னலுக்கு மணம் ஏறாமல் சன்ஷேடு தடுத்துக்கொண்டது. சுருக்கமாகச் சொன்னால், மீன் வாடை ஆகாத ஒருவன் மீன் வாடையை ஊருக்கு விநியோகிக்க வழி செய்தேன்.

முதல் நெய்மீன் துண்டு சட்டியில் விழுந்ததும் நான் வெளியே ஓடினேன். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு கண்டக்டர் அப்படியே நின்று, "எவிடெயா இது?" என்று மூக்காலேயே தேடினார். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நேராக உள்ளே போனார். மறுநாள் டிரைவர்களையும் கூட்டி வந்தார்.

ஓணத்துக்கு முன் ஒரு மத்தியானம், இடத்தைப் பற்றி முடிவு சொல்ல வேண்டிய வார்டு மெம்பர், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்.

"என்ன அக்கா, இரிக்கான் இடமில்லே?"

"கொறச்சு நிக்கணும் மெம்பரே. எல ஒழியட்டும்" என்றார் அக்கா, கையில் சாம்பார் வாளியோடு.

எனக்குப் பாதி உயிர் போயிற்று. மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான், மெம்பருக்கு இடம் கொடுக்க மோர்க்குழம்புக் கையோடு எழுந்தேன்.

"சோறு கெடக்க எழும்புகதா? இரியும் சாரே!" என்று அக்கா அதட்டினார்.

உட்கார்ந்தேன். மெம்பர் கண்டக்டர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். இலை கிடைத்து, சாப்பிட்டுக் கை கழுவி வந்து, "பின்னே என்ன பரிசோதனை? நடத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதுவரை தினமும் கடையை அடைத்ததும், ஐந்து பேரும் அவரவர் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோவார்களாம். இடம் நிலைக்குமா என்று தெரியாதபோது யார் வெண்கல உருளியை விட்டுவிட்டுப் போவார்கள்? அன்று சாயங்காலம் அக்கா சாக்கை உதறி மடித்துவிட்டு, கழுவிய உருளியைத் தூக்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இத எங்க வைக்க சாரே?"

என் படத்தை மனசுக்குள் விரித்துப் பார்த்தேன். ஃபேன் இருந்தது, இரண்டு குழாய் இருந்தது. பாத்திரம் வைக்க ஒரு தட்டுகூட இல்லை.

"நாளைக்கே ஒரு படம்..." என்று ஆரம்பித்தேன்.

"படம் ஒண்ணும் வேண்டாம், சாமி! ரெண்டு பலக கொண்டு வந்தா போரும்."

மறுநாள் பலகையும் ஆணியுமாகப் போனேன்.